அத்தையின் எட்டு ஜிபி

அந்த அலுவலகத்தில் கத்தரி நடந்து வந்தால் ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிடும். ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் பாதி நிறைந்த தண்ணீர் பாட்டிலை நிரப்பக் கிளம்பிவிடுவார். ஓவியர் மட்டும் ஓட மாட்டார். திரையை முதுகால் மறைத்துக்கொண்டு, "இன்னைக்கு எதை வெட்டப் போற?" என்று கேட்பார்.

அவளுக்குக் கத்தரி என்று பேர் வைத்தவரே அவர்தான். வீட்டில் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. அவள் பார்த்த வேலை அப்படி. அது கணினி விளையாட்டு செய்கிற கம்பெனி. வரைகிறவர்கள் ஆசை ஆசையாக வரைவார்கள். சுவரில் காரை பெயர்ந்த இடம், கதவுப் பிடியில் தேய்ந்த பித்தளை, நாயகியின் கைப்பையில் பிரிந்த தையல் என்று ஒன்றையும் விட மாட்டார்கள். அத்தனை படங்களும் விளையாடுகிறவரின் கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்குள் போய் உட்கார வேண்டும். அந்தக் கார்டின் நினைவகம் பயணப் பெட்டி மாதிரிதான். ஆசைப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டால் ஜிப் மூடாது. ஜிப் மூடாவிட்டால் விளையாட்டு திக்கித் திணறும், இல்லையென்றால் மனிதர்களின் முகம் மங்கிக் குழைந்துவிடும். பெரிய படத்தைச் சின்னதாக்கி, வேண்டாததை வெளியே எடுத்துப் போட்டு, எப்படியாவது அந்த ஜிப்பை மூட வைப்பதுதான் கத்தரியின் பிழைப்பு. அதில் நல்ல பேர் கிடைக்காது என்பது அவளுக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது.

அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு தபால்காரப் பெண்ணின் கதை. ஓயாமல் மழை பெய்யும் ஒரு நகரத்தில் அவள் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பாள். கடிதம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். ஈரத் தெரு, தெருவில் விளக்கு, விளக்கின் நிழல் தண்ணீரில். பார்க்க அவ்வளவு அழகு. கார்டுக்கோ விழி பிதுங்கியது.

விளையாட்டைச் சோதிக்க மூலையில் ஒரு பழைய கணினி வைத்திருந்தார்கள். அதில் எட்டு ஜிபி கார்டு. அதற்குப் பேர் மாமியார். என்ன செய்து கொண்டுபோய் வைத்தாலும் அதற்குப் பிடிக்காது, அதனால் வந்த பேர். "மாமியார் இன்னைக்கு எப்படி?" என்று காலையில் ஒருவர் கேட்பார். "வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க" என்று இன்னொருவர் பதில் சொல்வார். கத்தரியும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்தக் கணினியை அங்கே கொண்டுவந்து வைத்தவளே அவள்தான் என்பதும், அவளுடைய நிஜமான மாமியாரின் அறையில் அச்சாக அதே கார்டு போட்ட கணினி ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரியாது.

நிஜ மாமியாரைக் கத்தரி அத்தை என்று கூப்பிடுவாள். அத்தை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதம், மகன் வேண்டாமென்று ஒதுக்கிய கணினியைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர், அதன் பிறகு டிவி பக்கம் திரும்பவே இல்லை. ஒரு காது உடைந்து நீல நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவர் விளையாடுகிற விதமே தனி. எதிரி துரத்திக்கொண்டு வந்தாலும் சரி, நகரமே பற்றி எரிந்தாலும் சரி, முதலில் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கதவையும் இழுப்பறையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் நகருவார். தொழில்புத்தி போகுமா? ஒரு பெட்டி விடாமல், ஒரு கழிவறை விடாமல் தட்டிப் பார்த்த கை அது.

மருமகள் செய்கிற விளையாட்டு எப்போது வரும் என்று அவர் கேட்காத நாள் கிடையாது. கத்தரியின் கணவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் ஒருமுறை, "அம்மா, உனக்குப் புது கார்டு வாங்கித் தரேன்" என்று சொல்லிப் பார்த்தான்.

"எதுக்கு? இது நல்லாத்தானே ஓடுது?"

"புது விளையாட்டெல்லாம் ஓடாதும்மா."

அத்தை மகனைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தார். "நீ செஞ்ச விளையாட்டு என் கம்ப்யூட்டர்ல ஓடலன்னா, அது என் கம்ப்யூட்டர் தப்பா, உன் தப்பா?"

"என் தப்புதான் அத்தை" என்றாள் கத்தரி. "ஓடும். நான் ஓட வைக்கிறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த எட்டு ஜிபி அவளுக்கு வெறும் எண்ணாக இல்லை.

வெளியீடு நெருங்க நெருங்க மாமியாரின் முகம் இன்னும் கடுத்தது. சந்தைத் தெருவில் தபால்காரப் பெண் கால் வைத்ததும் படம் உறைந்து நிற்கும். நகர்ந்தால் அவள் முகம் மங்கலாக இருக்கும். கத்தரி வெட்டினாள். கூரை ஓடுகளை வெட்டினாள், மழைக்குட்டைகளைச் சுருக்கினாள், தூரத்து மலையை ஒரு தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தாள். அப்படியும் ஏறக்குறைய ஒரு ஜிபி எங்கேயோ அதிகமாக நின்றது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அது அகப்படவில்லை.

மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் கவலை வந்தால் சுருக்கு வழி தேடுகிறவர். "விற்பனைப் பக்கத்துல பன்னிரண்டு ஜிபி வேணும்னு போட்டுடலாம். இப்ப எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"சார், நம்மளே விசாரிச்சதுல பாதிப் பேருக்கு மேல எட்டுதான் வச்சிருக்காங்க. அவங்க எல்லாம் என்ன செய்வாங்க?" என்றாள் கத்தரி.

"புதுசு வாங்குவாங்க."

"வாங்க மாட்டாங்க சார். நம்ம விளையாட்டை வாங்காம விட்டுடுவாங்க."

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "சரி. சனிக்கிழமை சோதனை வரைக்கும் பாருங்க. அப்பவும் மாமியார் மனசு மாறலன்னா பன்னிரண்டுதான்."

கத்தரி தன் இருக்கைக்குத் திரும்பினாள். பன்னிரண்டு என்று போட்டுவிட்டால் அத்தையிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது?

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியீட்டுக்கு முந்தின சனிக்கிழமை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வந்தவர்கள் விளையாடுவார்கள், வேலை செய்தவர்கள் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். கத்தரி அத்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தை இஸ்திரி போட்ட உடுப்பில், பழைய பரிசோதகர் தோரணை குறையாமல் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு மேசையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே நடந்தார். ஓரிருவர் காரணமே இல்லாமல் நேராக உட்கார்ந்தார்கள்.

எல்லாரும் நல்ல கணினிகளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். மூலையில் இருந்தது மட்டும் மீதி.

"மாமியார்கிட்ட மாமியாரே உட்காரட்டுமே" என்று ஒலிக்காரர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒலிக்காரர் என்றால் விளையாட்டில் மழைக்கும் காலடிக்கும் சத்தம் செய்கிறவர்.

"எனக்குத் தெரியும் தம்பி. மருமக வீட்டுல சொல்லியிருக்கா" என்றார் அத்தை. "இதுக்கு எதுவுமே பிடிக்காதாமே. அப்ப எனக்கும் இதுக்கும் ஒத்துப்போகும்."

விளையாட்டு நாயகியின் வீட்டில் தொடங்கும். மற்ற விருந்தாளிகள் எல்லாரும் கைப்பையை எடுத்துக்கொண்டு மழைத் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். அத்தை இறங்கவில்லை. தலையணையைத் தூக்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அடுப்படி இழுப்பறை, செருப்பு வைக்கிற பலகை, ஜன்னல் திரைக்குப் பின்னால் என்று ஒன்று பாக்கியில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓவியருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வீட்டை இழைத்து இழைத்து வரைந்தவர் அவர். தன் வீட்டை இவ்வளவு நிதானமாகப் பார்க்கிற ஒரு ஆத்மா உலகத்தில் இருக்கிறதே என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பல் கொஞ்ச நேரத்தில் மறைந்தது. அத்தை படுக்கையறை அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"இது ஏன் திறக்க மாட்டேங்குது?"

"அது சும்மா அலங்காரத்துக்கு அம்மா" என்றார் ஓவியர். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை அவர் மறந்தே போனார். "உள்ள ஒண்ணும் இல்ல. நீங்க தெருவுக்குப் போங்க, தெரு ரொம்ப நல்லாருக்கும்."

பரிசோதகரிடம் இப்படிச் சொல்லலாமா? உள்ளே ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் அத்தைக்கு எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். அவர் நாயகியை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பின்பக்கமாக நெருக்கினார். இந்த மாதிரி விளையாட்டுகளில் நாயகியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கண் மிதந்துகொண்டு வரும். நாம் பார்ப்பது அதன் வழியாகத்தான். அவளை இடுக்கில் தள்ளினால் அந்தக் கண்ணுக்குப் போக்கிடம் இருக்காது, சில சமயம் மரத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். போனது.

அலமாரிக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் புண்ணியமோ. அந்த வெளிச்சத்தில் ஒரு ஜோடி பழைய கேன்வாஸ் ஷூ தெரிந்தது. பக்கத்தில் நசுங்கிய ஃபிளாஸ்க். தூரிகைகள் நட்டுவைத்த ஒரு கண்ணாடி ஜாடி. கம்பி வளைந்த குடை. மேல் தட்டில் ஒரு பூனை சுருண்டு தூங்கியது. அதற்குப் பின்னாலும் என்னென்னவோ இருந்தன.

"இந்தப் பொண்ணு தனியாத்தானே இருக்கா? ஆம்பளை ஷூ எதுக்கு இங்க?" என்று அத்தை கேட்டார்.

ஒலிக்காரர் தன் காலைத் தூக்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். "லேஸ்ல நூல் பிரிஞ்சிருக்கிறது கூடத் தெரியுது. பூனை மீசையை எண்ணிடலாம் போலிருக்கு. ஆனா இந்தப் பொண்ணு மூஞ்சி மட்டும் ஏன் தண்ணியில கரைஞ்ச மாதிரி இருக்கு?"

கத்தரி நின்ற இடத்திலேயே உறைந்தாள். தேடித் தேடி அலுத்த அந்த ஒரு ஜிபி, தூங்குகிற பூனையாக அவள் கண்ணெதிரே படுத்துக்கிடந்தது.

நடந்தது இதுதான். வேலை தொடங்கிய காலத்தில் ஓவியர் கத்தரியிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார்: எதை வேண்டுமானாலும் வெட்டு, நாயகியின் வீட்டில் மட்டும் கை வைக்காதே. அவளும் கொடுத்த வாக்கு தவறாமல் அந்த வீட்டின் கோப்புகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாயகி எந்த நிமிடமும் வீட்டுக்குத் திரும்பலாம் என்பதால், அவள் எந்தத் தெருவில் இருந்தாலும் அந்த வீடு முழுதாகக் கார்டின் நினைவகத்தில் இருக்கும். கத்தரி கை வைக்காத ஒரே இடம் என்றதும் ஊருக்கே அது புகலிடமாகிவிட்டது. தன் பழைய ஷூவை விளையாட்டுக்குள் வைக்க ஆசைப்பட்ட ஒலிக்காரர் அங்கே வைத்தார். ஷூவைப் பார்த்துவிட்டு, விளையாட்டுக்குக் கதை எழுதுகிறவர் தன் குடையை வைத்தார். வரவேற்பில் இருப்பவர் தன் வீட்டுப் பூனையை வைத்தார். நம்முடையது ஒன்றுதானே, ஒன்றில் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும் இருப்பதிலேயே பெரிய அளவில் வரைய வைத்துக்கொண்டார்கள். சந்தைத் தெருவில் இருந்த வீடுகள் அத்தனையும் சாப்பிட்டதைவிட அந்தப் பூட்டிய அலமாரி அதிகம் சாப்பிட்டது.

"அந்த ஃபிளாஸ்க் யாருது?" என்று கத்தரி மெதுவாகக் கேட்டாள்.

மேலாளர் திருதிருவென விழித்தார். "அது எங்க கல்யாணத்துக்கு வந்தது" என்றார்.

அத்தைக்கு ஒரே குஷி. "அத்தனையும் டிக்கெட் இல்லாம ஏறின கூட்டம்" என்று சொல்லிவிட்டு நாயகியை இடுக்கிலிருந்து வெளியே எடுத்து, கடைசியில் ஒரு வழியாகத் தெருவுக்கு இறங்கினார். சந்தைத் தெரு வழக்கம்போலத் திக்கியது.

பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கத்தரி குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் கோபம் வந்தது. கோபம் ஆறியதும் மனசு வலித்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த அலமாரிக்குள் அலுவலகமே இருந்தது, அவள் ஒருத்தியைத் தவிர.

"திங்கக்கிழமை போனதும் எல்லாத்தையும் தூக்கிக் கடாசுறேன்" என்றாள்.

அத்தை பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தார். அப்புறம், "பூனையை மட்டும் விட்டுடேன்" என்றார்.

"அத்தை, நீங்களுமா?"

"தூங்கிட்டு இருக்குடி. பாவம்."

கத்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது யாரும் ஓடவில்லை. வரிசையில் நின்றார்கள். ஷூவின் இடது காலை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா என்று ஒலிக்காரர் கேட்டார். ஃபிளாஸ்க் விஷயம் தன் மனைவிக்குத் தெரியும், அதை எடுத்தால் வீட்டில் பதில் சொல்ல முடியாது என்று மேலாளர் கெஞ்சினார். கத்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். எதையும் எடுத்துக் கடாசவில்லை. ஆனால் ஒன்றுவிடாமல் சுருக்கினாள். ஷூ, குடை, ஃபிளாஸ்க், பூனை எல்லாம் மலை போன வழியிலேயே தபால்தலை அளவுக்குப் போயின. தள்ளி நின்று பார்த்தால் பூனை பூனைதான். மீசையை எண்ண முடியாது, அவ்வளவே.

அன்று மதியம் மாமியாரைச் சுற்றிக் கூட்டம். தபால்காரப் பெண் சந்தைத் தெருவில் கால் வைத்தாள். நடந்தாள். மழை அவள் தொப்பியில் விழுந்து வழிந்தது. கடைக்காரரிடம் கடிதத்தை நீட்டித் திரும்பிப் பார்த்தபோது, கன்னத்தில் ஒட்டியிருந்த முடி வரைக்கும் தெரிந்தது. அந்த முகத்தை அவ்வளவு துலக்கமாக அந்த மூலைக் கணினியில் யாரும் பார்த்ததில்லை. மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எட்டுன்னே போட்டுடலாம்" என்றார். இன்னும் கொஞ்சம் இடம்கூட மிச்சம் இருந்தது.

ஓவியர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "என் தூரிகையெல்லாம் குச்சி மாதிரி ஆயிடுச்சு."

"அண்ணா, அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. அந்த அலமாரிக் கதவு திறக்கிற மாதிரி பண்ணுங்க. இவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்க, நாலு பேர் பார்க்கட்டும்."

ஓவியர் அவளை உற்றுப் பார்த்தார். முகம் இறங்கி வந்தது. "உன்கிட்ட சொல்லியிருக்கணும்மா. சொன்னா வெட்டிடுவியேன்னு பயந்துட்டோம். தப்புதான்." கொஞ்சம் தயங்கி, "உள்ள உன்னுது ஒண்ணு வேண்டாமா? நானே வரைஞ்சு தரேன்" என்றார்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் கத்தரி.

அந்த வாரத்தில் ஒரு நாள் அத்தையின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. வாழ்நாள் முழுக்க ஒளிந்தவர்களையெல்லாம் கண்டுபிடித்த மனுஷி, கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடி வீட்டையே தலைகீழாக்கினார். மகனைத் திட்டினார். விளையாட முடியாத ஆத்திரத்தில் டிவியைப் போட்டு, அதுவும் தெரியாமல் அணைத்தார். சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. "இங்க நான் மூணு தடவை தடவிப் பார்த்தேனே" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த கத்தரி கைப்பையை மாட்டிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

விளையாட்டு வெளிவந்தது. அன்று அத்தை காலையிலேயே குளித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். கத்தரி பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அலுவலகத்து மாமியார் ஒத்துக்கொண்டாயிற்று, ஆனால் வீட்டில் ஓடினால்தானே ஓடின மாதிரி?

நாயகியின் வீடு வந்தது. விளக்கு எரிந்தது, ஜன்னலில் மழை வழிந்தது, எதுவும் திக்கவில்லை. அத்தை தலையணையைத் தூக்கினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பிறகு நேராக அலமாரிக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

"ஓ, இப்ப திறக்குதே." ஷூவைப் பார்த்துத் தலையாட்டினார். பூனையைப் பார்த்து, "இருக்கு" என்று திருப்தியாகச் சொன்னார். எல்லாம் கொஞ்சம் மழுங்கலாக, ஆனால் குறைசொல்ல முடியாதபடி இருந்தன. அப்போது கீழ்த்தட்டின் ஓரத்தில் ஏதோ பளிச்சென்று தெரிந்தது. அத்தை நாயகியை முன்னால் நகர்த்தினார்.

ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு காதில் நீல நூல் சுற்றியிருந்தது. நூலின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது.

அத்தை தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முடிச்சு கூட நான் போட்ட மாதிரியே இருக்கு" என்றார். "அன்னைக்கு இது ஃபிரிட்ஜ் மேல இல்லை. எனக்குத் தெரியும்."

கத்தரி நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் சின்னதா ஆக்கிட்ட. இதை மட்டும் ஏன் பெருசா விட்டிருக்க? இது டிக்கெட் எடுத்துத்தான் ஏறியிருக்கா?"

"எடுத்தாச்சு அத்தை" என்றாள் கத்தரி. "கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு. நானே கிழிச்சுக் குடுத்தேன்."

அத்தை நெடுநேரம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரிக் கதவைச் சாத்தி, தபால்காரப் பெண்ணின் கைப்பையை எடுத்துக்கொண்டு, மழைக்குள் இறங்கினார்.